2,000 இலை போடுகிறவர் 180 தட்டு போட முடியுமா?

பெருந்துறையில் 11 வருடமாகக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறீர்கள், ஒரே முகூர்த்தத்தில் 2,000 இலை வரை போட்டிருக்கிறீர்கள். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் தன் 25-ஆம் ஆண்டு விருந்துக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கிறது. 180 பேர், அதில் 40 பேர் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள், தோட்டத்துப் புல்வெளியில் வட்ட மேசை, ஐந்து கோர்ஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சுற்று, எல்லாம் தட்டில் வைத்து மேசைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பஃபே கூடாது, சாப்பாடு மட்டும் நம் ஊர்ச் சாப்பாடாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்டது இரண்டு: என்ன மெனு போடலாம், தலைக்கு என்ன ரேட் சொல்லலாம். ஆனால் இரண்டு தரம் படித்த பிறகு எனக்குத் தோன்றியது, உண்மையான கேள்வி உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது: "2,000 பேருக்குப் போடுகிறவனுக்கு 180 பேர் ஒரு கணக்கா?" முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் 180 சின்ன எண்தானே என்று நினைத்து இறங்கினால் முடியாது. ஏன் என்பதைத்தான் நீளமாக எழுதப் போகிறேன், மெனுவும் ரேட்டும் அதற்குள்ளிருந்துதான் வரும்.

என்னைப் பற்றி ஒரு வரி. தரமணியில் கேட்டரிங் படித்தேன், சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் பாங்க்வெட் கிச்சனில் ஒன்பது வருடம் இருந்தேன், அப்புறம் கோவையில் சொந்தமாகத் தொழில். தட்டு விருந்தும் செய்திருக்கிறேன், இலைப் பந்தியும் செய்திருக்கிறேன். தட்டில் நான் கை வைத்த பெரிய கணக்கு 350 பேர். அதற்கு மேல் போனால் ஆள் அமைப்பே வேறு, அது பற்றி நான் பேசுவது சரியாக இருக்காது. மது பரிமாறும் வேலையை நான் எடுப்பதில்லை, அதனால் அதைப் பற்றியும் இங்கே இல்லை. அதற்குத் தனி அனுமதி வேண்டும், அந்தப் பொறுப்பு நிறுவனத்துடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும்.

பந்தியில் எங்கு பார்த்தாலும் உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது, பழக்கத்தில் நீங்கள் அதைக் கவனிப்பதில்லை. இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் உப்பு, ஊறுகாய், பச்சடி, பொரியல் என்று ஆள் மாற்றி ஆள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். கூட்டு வாளி இரண்டு நிமிடம் பிந்தினால் யாருக்கும் தெரியாது, அப்பளமும் வடையும் அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். சாம்பார் ஆறிப்போனால் அடுத்த வாளி சூடாக வரும். யாருக்குப் பசி அதிகம், யார் கையை மடக்கிவிட்டார் என்பதை இலையே காட்டிக்கொடுக்கும், பந்தி விசாரிக்கிறவர் வரிசையில் நடந்தபடியே "இங்க ரசம் கொண்டா" என்று ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது. தட்டில் இது ஒன்றுமே கிடையாது. ஒருவர் எவ்வளவு சாப்பிடுவார் என்பதைச் சமையலறையிலேயே நீங்கள் முடிவு செய்துவிடுகிறீர்கள், தட்டு வெளியே போன பிறகு திருத்த வழியில்லை. 2,000 பேர் என்பது உங்களுக்கு 250 பேர் உட்காரும் எட்டுப் பந்தி. இங்கே 180 பேர் ஒரே பந்தி, அதுவும் 180 இலையிலும் எல்லாப் பதார்த்தமும் ஒரே சமயத்தில் விழுந்தாக வேண்டிய பந்தி.

இதனால் உங்கள் தொழில் குறைந்தது என்று ஆகாது. ஐரோப்பாவிலேயே முன்காலத்தில் எல்லாப் பதார்த்தத்தையும் மேசையில் ஒன்றாகப் பரப்பித்தான் விருந்து வைத்தார்கள், அதற்குப் பிரெஞ்சு முறை என்று பெயர். ஒவ்வொரு கோர்ஸாகக் கொண்டுவரும் ரஷ்ய முறை பாரிஸுக்குப் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். தட்டைச் சமையலறையிலேயே முழுதாக முடித்து அனுப்புவது பரவலானது இன்னும் பின்னால், 1970-களை ஒட்டி. நம் பந்தியோடு பார்த்தால் அது இளைய வித்தை, கற்றுக்கொள்ளக் கூடியதுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேசைக்குப் பத்துப் பேர், 18 மேசை. மெயின் கோர்ஸ் தட்டில் ஐந்து பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீள மேசை போட்டு, ஆள்கள் வரிசையாக நின்று, தட்டு கை மாறி நகர நகர ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளை மட்டும் வைப்பார்கள். இதைத்தான் பிளேட்டிங் லைன் என்கிறோம். சூடான தட்டை எடுத்துத் தர ஒருவர், பொருள் வைக்க ஐந்து பேர், கடைசியில் தட்டின் ஓரத்தைத் துடைத்து மூடி போட ஒருவர், ஆக ஏழு பேர். பழகிய லைனில் 8 வினாடிக்கு ஒரு தட்டு வெளியே வரும். ஒரே லைன் போட்டால் 180 தட்டுக்கு 24 நிமிடம், இரண்டு லைன் போட்டால் 12. எடுத்துப் போகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. மூடி போட்ட தட்டை ஒருவர் இரண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஐந்து பேர் ஓர் அணி என்றால் பத்துத் தட்டு, ஒரு மேசை, ஒரே நடையில் முடியும். நாலு அணி, 20 பேர், ஒவ்வோர் அணிக்கும் நாலு அல்லது ஐந்து நடை. போய்த் திரும்ப இரண்டரை நிமிடம் பிடித்தால் அதுவும் 12 நிமிடத்தை ஒட்டித்தான் வரும். லைனின் வேகமும் நடையின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். லைன் முந்தினால் தட்டு தேங்கி ஆறும், ஆள் முந்தினால் வெறுங்கையோடு கூட்டமாக நின்று லைனை மறிப்பார்கள். முதல் மேசைக்கும் கடைசி மேசைக்கும் நடுவே 15 நிமிடம், அதுதான் நான் வைத்திருக்கும் எல்லை. இந்த 20 பேர் தவிரத் தண்ணீர், பானம், தட்டு எடுப்பது இதற்கெல்லாம் இன்னும் எட்டுப் பேர் வேண்டும்.

இந்த எல்லையை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. சொந்தத் தொழில் ஆரம்பித்த மறுவருடம், டிசம்பர் மாதம், குன்னூரில் ஒரு விருந்து, 220 பேர். ஒரே லைன் போதும் என்று நினைத்துவிட்டேன், தட்டைச் சூடாக்கவும் இல்லை. முதல் மேசைக்கு 8.40-க்குப் போன மெயின் கோர்ஸ் கடைசி மேசைக்கு 9.20-க்குத்தான் போனது. நானே அந்த மேசைக்கு ஒரு தட்டை எடுத்துப் போய் மூடியைத் திறந்தேன். குருமா மேலே ஆடை கட்டியிருந்தது, தட்டின் ஓரத்தில் நெய் வெள்ளை வெள்ளையாக உறைந்து நின்றது. பக்கத்து மேசையில் சாப்பிட்டு முடித்துத் தட்டையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மேசையில் ஒரு பெரியவர் கையை மடியில் வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ருசியில் அன்றைக்கு ஒரு குறையும் கிடையாது, அதே குருமாவைக் காலையில் ருசி பார்த்து நானே சந்தோஷப்பட்டேன். சாப்பிடுகிறவருக்குப் போய்ச் சேரும்போது அது வேறு பதார்த்தமாகிவிட்டது.

அதனால் முதல் செலவு தட்டு. பீங்கான் தட்டுதான் வேண்டும், மெலமைன் சூட்டைப் பிடித்து வைக்காது. கோவையில் தட்டு சூடாக்கும் கேபினட் வாடகைக்குக் கிடைக்கும், விசாரித்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் பெரிய அண்டாவில் 70 டிகிரி தண்ணீர் வைத்து, தட்டை முக்கி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, கம்பளியால் போர்த்தி வைப்பது. அதற்கென்றே நாலு பேர், வேறு வேலை கொடுக்கக் கூடாது. வெறுங்கையால் பிடிக்கக் கஷ்டமாக இருக்க வேண்டும், துணி வைத்துப் பிடித்தால் முடிய வேண்டும், அந்தப் பதம். ஐந்து கோர்ஸுக்கு 900 தட்டு, உடைசலுக்கும் அழுக்குக்கும் சேர்த்து 1,000 என்று எடுங்கள். கரண்டி, முள்கரண்டி, கத்தி, கண்ணாடி எல்லாம் தனி. ராத்திரி 11 மணிக்கு இவ்வளவையும் கழுவி எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை எல்லோரும் மறப்பார்கள், நானும் மறந்திருக்கிறேன். எறிகிற இலைக்குப் பழகிய நமக்கு இது கணக்கிலேயே வராது.

அடுத்தது நேரம். இந்த மாதிரி விருந்தில் சாப்பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மேடைப் பேச்சுதான். அழைப்பிதழில் 8 மணி டின்னர் என்று இருக்கும், குத்துவிளக்கு, எம்டி பேச்சு, 25 வருடம் வேலை செய்தவர்களுக்கு நினைவுப் பரிசு என்று 8.50 ஆகிவிடும். பந்தியில் இப்படி ஆனால் அடுப்பைத் தணித்துவிட்டுக் காத்திருப்பீர்கள். இங்கே 8-க்கு என்று தட்டில் வைக்கத் தயாரான கறி 50 நிமிடத்தில் நார் நாராகிவிடும். நான் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது இது: பேச்சு எல்லாம் முதல் கோர்ஸ் மேசையில் இருக்கும்போதே முடிய வேண்டும், இரண்டாவது கோர்ஸ் வெளியே வந்த பிறகு மேடையில் மைக் கூடாது. அப்புறம், சபையில் ஒருவர், சமையல் கூடாரத்தில் ஒருவர், இரண்டு பேர் கையிலும் வாக்கி டாக்கி. "போடு" என்று சொல்லும் அதிகாரம் சபையில் இருப்பவருக்கு மட்டும். எம்டியின் மச்சான் வந்து "சீக்கிரம் கொண்டு வாங்கப்பா" என்று சொன்னாலும் கூடாரத்தில் ஒருவரும் தட்டைத் தொடக் கூடாது. டெல்லி ராஷ்டிரபதி பவன் விருந்து மண்டபத்தில் 104 பேர் உட்காரலாம். அங்கே சுவரில் இருக்கும் முன்னாள் குடியரசுத் தலைவர்களின் படங்களுக்கு மேலே விளக்குகள் உண்டு, எப்போது பரிமாறுவது, எப்போது தட்டை எடுப்பது என்று பரிமாறுகிறவர்களுக்கு அந்த விளக்குகள்தான் சொல்லும். விருந்தாளி காதில் ஒரு குரல் விழாது. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோம் நகர மண்டபத்தில் நடக்கும் நோபல் விருந்தில் சுமார் 1,300 பேர் உட்காருகிறார்கள், தட்டுகளைத் தாங்கியவர்கள் படிக்கட்டில் வரிசையாக இறங்கி வருவதை டிவியில் காட்டுவார்கள், ஒருமுறை பாருங்கள். அவர்களும் செய்வது நான் மேலே போட்ட அதே கணக்கைத்தான்.

சரி, மெனு. பதார்த்தத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ருசிக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது 20 நிமிடம் சூடாக மூடி வைத்தால் தாங்குமா? தோசை தாங்காது. ஆப்பம் தாங்காது. பொரித்த மீன் மூடி போட்ட இரண்டாவது நிமிடமே வேர்த்துவிடும். இடியாப்பம் ஈரத்துணி மூடி ஆவியில் இருந்தால் தாங்கும், குழிப்பணியாரம் கால் மணி தாங்கும், மெதுவாக வெந்த ஆட்டுக்கறி நன்றாகவே தாங்கும், சீரகச் சம்பா தம் போட்டு இறக்கியது தாங்கும். வாழையிலையில் மடித்துச் சுட்ட வஞ்சரமும் அப்படித்தான், இலைக்குள் இருக்கும் ஈரம் அதைக் காப்பாற்றும். ராஷ்டிரபதி பவனில் பேர்பெற்ற ராய்சினா தால் என்று ஒரு பருப்பு இருக்கிறது, மெல்லிய தீயில் வேகும், தயாராக 48 மணி நேரம் ஆகும் என்பார்கள், 2019 பதவியேற்பு நாள் விருந்திலும் இருந்தது. அப்படி வைத்த பருப்பு இன்னும் அரை மணி நேரம் காத்திருந்தாலும் கெடாது. பெரிய விருந்துக்காரர்கள் அப்படிப்பட்ட பதார்த்தத்தைப் பிடிப்பதில் காரணம் இருக்கிறது.

ஐந்து கோர்ஸில் முதலும் கடைசியும் குளிர்ந்ததாக இருக்கட்டும். அந்த இரண்டையும் முன்னாலேயே தட்டில் வைத்து முடித்துவிடலாம், சூடாக ஓட வேண்டியது மூன்றாகக் குறையும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் வேகவைத்துக் குளிரவைத்த பீட்ரூட், கெட்டித் தயிர், கடுகு தாளிப்பு, பக்கத்தில் ஒரு மிளகு வடை, அனுமாருக்கு மாலை கட்டும் அந்த மொறுமொறு வடைதான். இரண்டாவது ரசம். இதை மட்டும் நான் சொல்கிறபடியே செய்யுங்கள். காலிக் கிண்ணத்தில் ஒரு கொத்தமல்லி இணுக்கு, இரண்டு சொட்டு நெய், நாலு துண்டு தக்காளி வைத்து மேசைக்கு முதலில் அனுப்பிவிடுங்கள். பின்னாலேயே மூக்கு வைத்த ஜாடியில் கொதிக்கக் கொதிக்க ரசத்தை எடுத்துப்போய் விருந்தாளி கண் முன்னால் ஊற்றுங்கள். ஆறவே ஆறாது, நடக்கும்போது தளும்பிக் கிண்ண ஓரம் அழுக்காகாது, ஊற்றும்போது வரும் மிளகு சீரக வாசம் மேசையில் இருக்கும் பத்துப் பேருக்கும் போய்ச் சேரும். நம் ஆட்கள் வாளியும் கரண்டியுமாகப் பழகிய கை, ஊற்றுவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ரசத்தை நுரை கட்டினதும் இறக்கிச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிடுங்கள், அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்தால் கடுத்துப்போகும்.

மூன்றாவதாகப் பள்ளிபாளையம் சிக்கன், உங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு, தேங்காய்ப் பல்லோடு மூன்று துண்டும் ஒரு பணியாரமும். சைவத்துக்கு அதே மசாலாவில் காளான். மெயினுக்குச் சீரகச் சம்பா, ஆட்டுக்கறி, ஒரு காய், ஒரு பச்சடி, கொஞ்சம் குழம்பு. கடைசியில் குளிர்ந்த இளநீர் பாயசம். அதற்குப் பின்னால் டபரா டம்ளரில் ஃபில்டர் காபி, அதை ஆற்றிக் கொடுக்கும் வேலையை மேசை ஓரத்திலேயே செய்யுங்கள், வெளிநாட்டுக்காரர்கள் போனை எடுத்துவிடுவார்கள். ஒன்று மறக்கக் கூடாது: இவர்கள் கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிடுகிறவர்கள். நாம் விரலால் ஒதுக்கிவிடும் கறிவேப்பிலை, கிராம்பு, ஏலக்காய், பட்டை எதையும் அவர்களால் ஒதுக்க முடியாது, கடித்துவிட்டு முகம் மாறும். மசாலாவைத் துணியில் முடிந்து போடுங்கள், குழம்பை வடிகட்டி ஊற்றுங்கள், கறி எலும்பில்லாமல் இருக்கட்டும். காரத்தை நீங்கள் போடும் கல்யாணக் காரத்தில் பாதியாக்கி, நம்மவர்களுக்கு மேசையில் ஒரு சின்னக் கிண்ணம் மிளகாய்ச் சட்னி வைத்துவிடுங்கள்.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கூடத் தளர்வு வேண்டாம். நிறுவனத்திடம் பத்து நாள் முன்னாலேயே பெயர் வாரியாகப் பட்டியல் வாங்குங்கள், யார் எந்த மேசை, எந்த நாற்காலி என்பதோடு. நாம் யோசிக்காத இடத்தில்தான் பிரச்சினை இருக்கும். கோதுமை ஆகாதவருக்கு ரசம் கொடுக்கலாம் என்று நினைப்போம். ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். குருமாவில் முந்திரி அரைத்திருக்கும், தாளிப்பு நல்லெண்ணெயில் எள் இருக்கிறது, பொரித்தது கடலை எண்ணெயாக இருக்கலாம். இந்தத் தட்டுகளைத் தனி மேசையில், தனிக் கரண்டியோடு, ஒரே ஆள் முதலிலேயே போட்டு முடித்து, மூடியில் மேசை எண்ணும் நாற்காலி எண்ணும் எழுதி ஒட்டிவிட வேண்டும். "கொஞ்சம்தானே இருக்கிறது, பரவாயில்லை" என்று யாரும் சொல்லக் கூடாது. சைவக் கணக்கிலும் ஒரு எச்சரிக்கை. பட்டியலில் அசைவம் என்று எழுதிக் கொடுத்தவரே மேசையில் உட்கார்ந்ததும் "இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க" என்பார். தேதி புரட்டாசியிலோ கார்த்திகையிலோ விழுந்தால் கேட்கவே வேண்டாம். கொடுத்த சைவக் கணக்குக்கு மேல் 20 தட்டு கூடுதலாகத் தயார் வையுங்கள், இதுவரை எனக்கு அது மிஞ்சிப்போய் வருத்தப்பட்டதில்லை.

சுத்தம் பற்றி உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, தட்டு விருந்தில் மட்டும் மாறுவதைச் சொல்கிறேன். சூடானது 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ், நடுவில் வெகுநேரம் நிற்கக் கூடாது. பந்தியில் அடுப்பிலிருந்து இலைக்கு நேராகப் போவதால் இது தானாக நடக்கிறது. இங்கே சமைப்பதற்கும் பரிமாறுவதற்கும் நடுவே ஒரு காத்திருப்பு இருக்கிறது, ஆபத்து அங்கேதான். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. பாயசத்துக்கான பாலைப் பெரிய தவலையிலேயே ஆற விட்டால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும், கிருமி வளர அதுவே போதும். இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் போகாதபடி தட்டையான ட்ரேக்களில் ஊற்றி, ஐஸ் மேல் வைத்து ஆற்றி, அப்புறம் ஃப்ரிட்ஜுக்கு. ஐஸை நல்ல தண்ணீரில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள், மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியை உடைத்து டம்ளரில் போட்டுவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். புல்வெளி என்பதால் இன்னொன்று: மழை பெய்து விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பும், உங்கள் பிளேட்டிங் லைனுக்கு மேலே வெள்ளை ஃப்ளட் லைட் போட்டிருந்தால் நேராகத் தட்டில்தான் வந்து விழும். கூடாரத்தை நாலு பக்கமும் கொசுவலை கட்டி அடையுங்கள், லைன் மேலே மஞ்சள் விளக்கு, பிரகாசமான விளக்கு கூடாரத்துக்கு வெளியே தள்ளி ஒரு கம்பத்தில்.

எந்தப் பக்கம் பரிமாறுவது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். இடது பக்கம் உணவு, வலது பக்கம் பானம், எடுப்பது வலது பக்கம் என்பது நான் படித்த முறை. தட்டில் முடித்து வருவதை வலது பக்கமே வைக்கலாம் என்றும் நிறைய ஓட்டல்களில் செய்கிறார்கள். இரண்டும் நடப்பில் உண்டு, இதில் இதுதான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றை எடுத்துக்கொண்டு 20 பேரும் அதையே செய்தால் போதும். ஆனால் மேசையில் எல்லோரும் முடிக்கும் வரை யார் தட்டையும் எடுக்கக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இலையில் ஒருவர் எழுந்தால் அவர் இலையை எடுத்துவிடும் பழக்கம் நம் ஆட்களுக்கு, அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஆட்களுக்கு இரண்டு சாயங்காலம் பயிற்சி வேண்டும், அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி இரண்டு கையிலும் கொடுத்து, அதே தோட்டத்தில், அதே படி ஏறி, அதே புல்லில் நடக்க விடுங்கள். தண்ணீர் சிந்தாமல் கடைசி மேசைக்குப் போய்விட்டால் குழம்பும் சிந்தாது. புல்வெளியில் எங்கே பள்ளம், எந்த இடத்தில் ஒயர் கிடக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இப்போது ரேட். தலைக்கு இவ்வளவு என்று நான் இங்கே ஒரு எண் எழுதினால் அது உங்களைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகும், இடத்தைப் பார்க்காமல் சொல்வது ஊகம்தான். எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன். கல்யாண ரேட்டை எடுத்து இரண்டால் பெருக்காதீர்கள். கல்யாணத்தில் உங்கள் செலவில் பெரும்பங்கு மளிகையும் காய்கறியும். இங்கே பரிமாற 28 பேர், லைனில் 14 பேர், தட்டுக்கும் பாத்திரத்துக்கும் பத்துப் பேருக்குக் குறையாமல், மேற்பார்வைக்கு நாலு பேர், அதாவது 180 பேர் சாப்பிட சமையல்காரர்களை விட்டுவிட்டே 56 பேர். இதோடு பயிற்சிக் கூலி, தட்டு வாடகை, கேபினட், ஜெனரேட்டர், குளிர்சாதன வண்டி, ருசி பார்க்கும் நாள். என் கணக்கில் சாமான் செலவு மொத்த ரேட்டில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக் கூட்டி, 180-ஆல் வகுத்து, அதன் மேல் லாபம் வையுங்கள். வரும் எண் பெரிதாகத் தெரிந்து நீங்களே குறைக்கப் பார்ப்பீர்கள், குறைக்காதீர்கள். குறைத்தால் முதலில் கை வைப்பது ஆட்கள் எண்ணிக்கையில்தான், அங்கே கை வைத்தால் குன்னூரில் எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கும். வெளியிடக் கேட்டரிங்குக்கு 5 சதவீத ஜிஎஸ்டி தனியாகக் காட்டுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் கொட்டேஷனிலேயே போடுங்கள், ஏற்றுமதி நிறுவனம் என்றால் அவர்களே கேட்பார்கள். ஆள் கணக்கு ஐந்து நாள் முன்னால் இறுதியாக வேண்டும், பணம் பாதி முன்பணம், மீதி விருந்துக்கு முன்னாலேயே.

ருசி பார்க்கும் நாளை உங்கள் கூடத்தில் வைக்காதீர்கள், அந்தத் தோட்டத்திலேயே வையுங்கள். எம்டி குடும்பம் பத்துப் பேர், ஒரே ஒரு மேசை, அதைக் கூடாரத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கும் மூலையில் போடுங்கள். தட்டை முடித்து மூடி போட்டதும் உடனே அனுப்பாமல் 15 நிமிடம் சூட்டுப் பெட்டியில் வைத்து அப்புறம் அனுப்புங்கள். 18-ஆவது மேசைக்காரர் அன்றைக்கு என்ன சாப்பிடுவாரோ அதையே எம்டி சாப்பிட்டுப் பார்க்கட்டும், அது பிடித்திருந்தால் மெனுவை அதோடு முடித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரு நாள் அங்கே போய், கூடாரம் போடும் இடத்திலிருந்து கடைசி மேசை வரை நடந்து எத்தனை தப்படி, நடுவில் எத்தனை படி, தண்ணீர்க் குழாய் எங்கே, கரண்ட் எவ்வளவு கிலோவாட் கிடைக்கும் என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். அந்த நாலும் தெரிந்தால் இரண்டு லைன் போதுமா, நாலு அணி போதுமா என்று இன்னும் திருத்தமாகச் சொல்ல முடியும்.